விழப் பழக்கும் வேலை

ஜூடோ டீச்சர் என்றால் அடிக்கச் சொல்லிக் கொடுப்பவர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் முதல் மூன்று மாதமும் நாங்கள் விழத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். தாடையை நெஞ்சோடு ஒட்டு, மூச்சை விடு, கையை ஊன்றாதே, உள்ளங்கையால் தரையை அடி. அவ்வளவுதான் பாடம். பாட்டு டீச்சர்களே, தையல் டீச்சர்களே, டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர்களே, அடிப்படையைச் சொல்லிக் கொடுக்கப் போய் ஆட்களை இழந்த அத்தனை பேருமே, உங்களிடம் நான் இதை நீட்டி முழக்க வேண்டியதில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இலத்தூரில் நானும் அம்மாவுமாக இருந்தோம். பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும்போது ஜூடோ கற்றுக்கொண்டேன், கறுப்பு பெல்ட் வாங்கினேன். தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருபத்திரண்டு வருஷமாக வகுப்பு எடுக்கிறேன். எல்லோரும் என்னை மிஸ் என்பார்கள். இங்கே எழுதியிருப்பதெல்லாம் போன சாரல் காலத்தில் தொடங்கி அந்த வருஷம் முடிவதற்குள் நடந்தவை.

கும்பிடுகிற விரிப்பு

நாங்கள் விழுந்து பழகுகிற விரிப்பில் கால் வைக்கும் முன் குனிந்து வணங்க வேண்டும். நம்மைத் தாங்கப்போகிற தரைக்கு ஒரு மரியாதை, எதிரே நிற்பவருக்கு ஒரு மரியாதை. சின்னப் பிள்ளைகள்கூட இதை மறக்க மாட்டார்கள். ஆனால் மண்டபத்தில் முகூர்த்தம் என்றால் மாடியும் பந்திக்குப் போய்விடும். விரிப்புகளை மூலையில் அடுக்கி, மேலே ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிட்டு வருவேன்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் விரிப்புகள் ஹால் முழுவதும் கிடக்கின்றன. மாப்பிள்ளை வீட்டார் தரை சில்லென்று இருக்கிறதென்று அவற்றை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றில் சாம்பார், ஒன்றில் பாயசம், இன்னொன்றில் ஏதோ குழந்தை செய்த வேலை. கழுவினேன். கழுவியதைக் காயவைக்க வெயில் வேண்டுமே. சாரல் பிடித்துப் பத்து நாளாகிறது, ஜன்னலைத் திறந்தால் குற்றால மலையே தெரியவில்லை, அத்தனை மேகம். ஆவணி பிறக்காமல் வெயிலைப் பார்க்க முடியாதென்று எனக்கும் தெரியும், மண்டபத்து மேனேஜர் அண்ணாச்சிக்கும் தெரியும். அவர் வந்து ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க கும்பிடுத பாயின்னு அவுகளுக்குத் தெரியாமப் போச்சு மிஸ். வெயில் வரட்டும், காயப் போட்டிருவோம்."

கீழ் வீட்டுக்காரர்

ஒரு தகப்பனார் ஏழாவது படிக்கிற மகளைச் சேர்த்துவிட்டுப் போனார். கெட்டிக்காரப் பெண். மூன்று வாரத்தில் பின்பக்கமும் பக்கவாட்டிலும் அழகாக விழப் பழகிவிட்டாள். வருஷத்துக்கு ஒரு பிள்ளைதான் அப்படி அமையும். இவளை விட்டுவிடக் கூடாது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

நான்காவது வாரம் தகப்பனார் தனியாக வந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எல்லாப் பெற்றோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். விழத் தெரிந்த பிள்ளைக்கு விழுகிற பயம் போய்விடும். பயம் போன பிள்ளை சண்டைக்குப் போகாது. சண்டை போடாமல் இருக்கப் பழகுவதுதான் இந்தக் கலை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பெண் வரவில்லை. அன்று அவர் படியிறங்கும்போது கேட்டது இதுதான்: "மிஸ், எம்மவ வீட்ல தெனம் தொம்முன்னு விழுந்து பழகுதா, கீழ் வீட்டுக்காரர் ஏறி வந்து சத்தம் போடுதாரு. அந்தாள அடிக்கதுக்கு எந்த மாசம் சொல்லிக் குடுப்பீங்க?"

தண்ணீர் மாதிரி

ஐந்தருவிக்குப் போகிற வழியில் உள்ள ஒரு தங்கும் விடுதிக்கு, சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். இயற்கையும் தற்காப்புக் கலையும் என்று காலையில் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி விடுதிக்காரர் என்னைக் கூப்பிட்டிருந்தார். புல்தரையில் நிறுத்திவைத்துச் சொன்னேன்: எதிராளி தள்ளினால் பதிலுக்குத் தள்ளாதீர்கள், விலகிக் கொடுங்கள், அவர் வேகத்திலேயே அவர் போய் விழுவார். பாறையோடு தண்ணீர் சண்டை போடுவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறது. இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி இந்த வார்த்தைகள் எனக்கே தேய்ந்துபோய்விட்டன. ஆறடி ஆள் ஒருவர் முன்னால் வந்து தள்ளினார். விலகினேன், இடுப்பைத் திருப்பினேன், அவர் புல்லில் கிடந்தார். கைதட்டினார்கள்.

பிறகு எல்லோருமாக அருவிக்கு நடந்தோம். மேலே நல்ல மழை, குளிக்கத் தடை. கயிறு கட்டி, போலீஸ்காரர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆறடிக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி மாதிரி இருக்கணும்னு சொன்னீங்க மேடம், அந்தத் தண்ணி கிட்டவே விட மாட்டேங்கறாங்களே" என்றார். காலையில் விடுதியில் நான் அவரைக் கீழே போட்டதை ஒருவர் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கி அண்ணாச்சி. அருவி மூடியதால் அன்றைக்கு அவருக்கும் ஆளில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டே என் பக்கம் வந்தார்: "நானும் முப்பது வருசமா ஆம்பளையாளுவளத் தெனம் குப்புறப் போடுதேன் மிஸ். எனக்கு யாரும் பெல்ட்டு தரல."

எந்தக் கை

ஒரு பெண்கள் கல்லூரியில் தற்காப்பு முகாம் என்று கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் இருநூறு பேருக்குத் தற்காப்பு. நீங்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் இப்படி ஒரு அழைப்பு வந்திருக்கும், நீங்களும் போயிருப்பீர்கள். கையைப் பிடித்தால் கட்டைவிரல் பக்கமாகத் திருகி உருவுவது, பின்னாலிருந்து கட்டிப் பிடித்தால் குனிந்து எடையைக் கீழே இறக்குவது, வாயைத் திறந்து கத்துவது என்று மூன்று காட்டினேன். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துச் செய்தார்கள். போட்டோ எடுத்தார்கள்.

முடிந்து நான் பையைக் கட்டும்போது பச்சைத் துப்பட்டா போட்ட ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் போகும்வரை என் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். பிறகு, "வெளியாளுன்னா இதெல்லாம் சரி மிஸ். வீட்டுக்குள்ளயேன்னா எந்தக் கையப் பிடிச்சுத் திருகணும்?" என்றாள். என் வகுப்பில் இதற்குப் பாடம் கிடையாது. யாரிடமாவது சொல்லணும்மா என்று, எல்லோரும் சொல்வதையே நானும் சொன்னேன். என் போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். முகாமுக்குப் பொறுப்பான பேராசிரியையிடம், அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

அவள் போன் செய்யவில்லை. நானாவது மறுநாளே திரும்பப் போயிருக்கலாம். விரிப்பு காயவில்லை, கூட்டம் சேரவில்லை என்று என் பாட்டுக்கு அலைந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பேராசிரியையைப் பார்த்தபோது விசாரித்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலரச் சொன்னார்: "அந்தப் பிள்ளையா? படிப்பை நிறுத்தி யாருக்கோ கட்டிக் குடுத்திட்டாங்க. நீங்க அன்னைக்குச் சொல்லிக் குடுத்தது அவளுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும் மேடம்."

கொடியில் கிடந்த உடுப்பு

ஆடி கடைசியில் ஒரு சாயங்காலம், நான் மாடியில் ஏழெட்டுப் பேரை வரிசையாக நிறுத்தி, "தாடை, மூச்சு, கை" என்று கத்திக்கொண்டிருந்தபோது இலத்தூரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா போன் செய்தார். சாரல் திடீரென்று இறங்கியிருக்கிறது. பின்கட்டில் கொடியில் என் ஜூடோ உடுப்பு காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் மூன்று நாளைக்குக் காயாத முரட்டுத் துணி. அதை எடுக்க ஓடியிருக்கிறாள் அம்மா. துவைக்கிற கல்லைச் சுற்றிப் பாசி. வலப்பக்கமாக விழுந்திருக்கிறாள். நான் போய்ச் சேரும்போது கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். உடுப்பு நனையாமல் அவள் கையிலேயே இருந்தது.

இடுப்பெலும்பு முறிவு. எழுபத்து மூன்று வயது, பலவீனமான இருதயம், ஆபரேஷன் தாங்காது என்றார்கள். படுக்கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்ன எலும்பு டாக்டரின் மகன் என்னிடம் படித்தவன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, ஒடிந்த இடத்தைப் பேனாவால் காட்டினார். வீட்டில் அவளுடன் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். ஒரு நாளாவது அம்மா, இப்படி விழணும் என்று சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. அதை டாக்டரிடம் நான் சொல்லவில்லை. அவரே படத்தை உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஊருக்கெல்லாம் விழச் சொல்லிக் குடுக்கீங்க மிஸ், அம்மாவுக்கு ஒரு நாள் சொல்லியிருக்கலாம்."

அண்ணன்

அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறான். இரண்டு நாள் வந்திருந்துவிட்டுப் போனான். பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன். அம்மாவுக்கு முதுகில் புண் வந்திருக்கிறது, இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டியிருக்கிறது, ஒரு மாதம் அண்ணியை அனுப்பி வைக்க முடியுமா என்று ஒரு ஞாயிறு கேட்டேன். அன்பாகத்தான் சொன்னான்: "நீ பிளாக் பெல்ட்டாச்சே, சமாளிச்சிருவ."

சுவர்

குறைந்த பலத்தில் நிறைந்த பயன் என்பது நாங்கள் படித்த பாடம். எடை எங்கே இருக்கிறது என்று பார், அதன் அடியில் போ, இழு, திருப்பு. அம்மாவைப் புரட்டும்போதும் அதையே செய்தேன். ஒரு கை தோளுக்குப் பின்னால், ஒரு கை முழங்காலுக்கு அடியில். முதல் வாரமே எனக்கு ஒன்று புரிந்தது. நான் கற்றதெல்லாம் எதிரே இருப்பவரின் நிலையைக் குலைக்க. இங்கே குலைக்க எதுவும் மிச்சமில்லை. என் கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. அவள் உடம்பு கனக்கிற பக்கமாக அதுவே வெடுக்கென்று இழுத்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

படுக்கை விரிப்பை மாற்றுவேன், துடைப்பேன், பவுடர் போடுவேன். வலி வரும் நேரம் எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் அவளைப் பார்க்க முடியாமல் காலண்டர் மாட்டியிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டே தூக்குவேன். அவள் கவனித்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். புரட்டாசியில் ஒரு காலை, தலையணையைச் சரிசெய்து நிமிரும்போது அம்மா கேட்டாள்: "மத்தவளைத் தூக்கும்போது அவ மூஞ்சியப் பாப்பியாட்டி? என்னையத் தூக்கும்போது மட்டும் ஏன் சுவத்தப் பாக்க?"

பேர் தெரியாமல்

ரஹ்மத் என்னிடம் இரண்டு வருஷமாகப் படிக்கிறவள். நாற்பதை நெருங்குகிறாள். கணவர் சவுதியில் வேலை. முட்டுவலிக்கு உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்று வந்தவள், என் வகுப்பிலேயே நல்ல மாணவியாகிவிட்டாள். நான் போக முடியாத நாட்களில் அவளே பிள்ளைகளை விழவைத்து, எழவைத்து அனுப்பினாள்.

ஒரு நாள் அவள் இலத்தூருக்கு வந்தபோது நான் அம்மாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தாள். புர்காவைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்து, என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். அம்மாவின் கையை அம்மாவின் நெஞ்சில் மடக்கி வைத்தாள், முழங்காலை லேசாக மடக்கினாள், "இப்பம் திரும்பப் போறோம் பெரியம்மா" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அம்மா மூச்சு விடும்வரை காத்திருந்து, அந்த மூச்சோடு சேர்த்துத் திருப்பினாள். அம்மா முனகவேயில்லை. என்னிடம் கற்றது என்று நினைத்து ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, நான் சொல்லிக் கொடுத்ததுதானே என்று கேட்டும்விட்டேன். ரஹ்மத் தயங்கித்தான் பதில் சொன்னாள்: "எங்க மாமியா மூணு வருசம் படுக்கையில கெடந்தாங்க மிஸ். நீங்க சொல்லிக் குடுக்குததெல்லாம் எனக்கு முன்னாலயே தெரியும், பேருதான் தெரியாது."

தள்ளி நில்லு

ஐப்பசி மழையில் அம்மாவுக்குச் சளி கட்டியது. நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்றார்கள். நான்கு நாள். ஐந்தாம் நாள் காலையில் நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். அண்ணன் வந்தான், சொந்தக்காரர்கள் வந்தார்கள், மழை விட்டு விட்டுப் பெய்தது. குளிப்பாட்டி, புதுச் சேலை சுற்றினோம்.

வாசலில் பாடை தயாரானதும் ஆண்கள் உள்ளே வந்தார்கள். சித்தப்பா மகன் தோள்பக்கம் பிடித்தான், இன்னொருவர் கால்பக்கம். தூக்கியதும் இடுப்பு தொய்ந்தது. மூன்று மாதமாக அந்த இடுப்பைத் தொய்யவிடாமல்தான் நான் தூக்கியிருக்கிறேன். என்னை அறியாமல் குனிந்து இரண்டு கையையும் இடுப்புக்கு அடியில் கொடுத்தேன். சித்தப்பா மகன் தன் முழங்கையால் என்னை ஒதுக்கினான். முரட்டுத்தனமாக இல்லை, கூட்டத்தில் ஒருவரை ஒதுக்குவதுபோலத்தான். அவன் நின்றிருந்த விதத்தில் வலது காலில் மட்டுமே எடை இருந்தது. எங்கே பிடித்து எங்கே திருப்பினால் அவன் சுவரோரம் கிடப்பான் என்று என் கைகளுக்குத் தெரியும். தள்ளினால் விலகிக் கொடு என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். விலகினேன். அம்மா கோணலாகவே வாசலைத் தாண்டிப் போனாள். அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "நீ தள்ளி நில்லும்மா. தூக்குததுக்கு ஆம்பளையாளுவ இருக்கோம்."

மறுபடியும் வகுப்பு

காரியமெல்லாம் முடிந்து மாடிக்குப் போனேன். ரஹ்மத்தையும் சேர்த்து ஆறு பேர் மிச்சம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு இடம் திறந்திருக்கிறார்கள், பாட்டுப் போட்டு, தொங்குகிற மூட்டையைக் கையால் குத்தவைக்கிறார்களாம், முதல் நாளே குத்தலாமாம். அங்கே போனவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது. குனிந்து வணங்கிவிட்டு விரிப்பில் நின்றேன், அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று மறந்துவிட்டது. ரஹ்மத்தான் பிள்ளைகளைப் பார்த்து, "தாடை, மூச்சு, கை" என்றாள்.

இடைவேளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் நிஜமாகவே யாரையாவது அடித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்களை யாராவது அடித்திருக்கிறார்களா என்றாள். யோசித்துப் பார்த்து, அதுவும் இல்லை என்றேன். அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. பெல்ட்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, வருத்தமாகத்தான் கேட்டாள்: "அப்பம் இத்தன வருசம் என்னத்துக்கு மிஸ் படிச்சீங்க?"

எனக்குத் தெரிந்ததெல்லாம், எவ்வளவு பழகியிருந்தாலும் விழும்போது தரை நாம் நினைப்பதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே வந்துவிடுகிறது என்பதுதான்.